மூடிய நெட் கம்பெனியின் எண் இப்போது யார் கையில்?

பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வரிசையாக எல்லையோர ஊர்கள். இங்கே கேபிள் டிவி நடத்திய தமிழர்கள் பலர் ஒரு கட்டத்தில் இன்டர்நெட்டும் கொடுக்க இறங்கினார்கள். பெரும்பாலோர் பெரிய கம்பெனிக்கு ஃபிரான்சைஸ் ஆனார்கள். துணிச்சல்காரர்கள் சிலர் மட்டும் சொந்தமாக ‘சி’ வகை உரிமம் எடுத்தார்கள். அந்த உரிமம் ஒரு எஸ்எஸ்ஏ, அதாவது ஏறக்குறைய ஒரு மாவட்டம் அளவிலான தொலைபேசிப் பகுதி, எல்லைக்குள்தான் செல்லும். பாலக்காட்டுக்கு எடுத்தவர் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு வீட்டுக்குக்கூட லைன் இழுக்க முடியாது. கூடவே இணைய எண்களை ஒதுக்கும் இந்தியப் பதிவகமான ஐரின்னிடம் விண்ணப்பித்துத் தங்கள் பெயரிலேயே ஐபி பிளாக்கும் (இணைய முகவரிகளின் தொகுப்பு) ஏஎஸ் எண்ணும் வாங்கினார்கள்.

அப்புறம் என்ன ஆனது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கம்பெனிகளின் ஃபைபர் வந்தது, விலை விழுந்தது, சின்ன ஆட்கள் ஒவ்வொருவராக வாடிக்கையாளர்களைக் கைமாற்றிவிட்டுக் கடையை மூடினார்கள். ரவுட்டரை விற்றார்கள், ஃபைபரை வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஓஎல்டி பெட்டியை விற்றார்கள், கம்பத்தில் கிடந்த கேபிளைக்கூடச் சுருட்டி விற்றார்கள். விற்காமல் விட்டது அந்த எண்களை மட்டும்தான். சின்ன நெட்வொர்க்குகளைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. ஓடுகிற நெட்வொர்க்கைவிட ஓடாத நெட்வொர்க்கின் எண்களே எனக்கு அதிகக் கவலை தருகின்றன.

ஏஎஸ் எண் என்பது இணையத்தில் ஒரு நெட்வொர்க்குக்கு உரிய அடையாளம். “இந்த ஐபி முகவரிகள் என்னிடம் இருக்கின்றன, இவற்றுக்கான டிராஃபிக்கை இப்படி அனுப்புங்கள்” என்று ஒரு நெட்வொர்க் அடுத்ததிடம் சொல்லும் முறைக்குப் பெயர் பிஜிபி. சொல்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்று கேட்கும் ஏற்பாடு பிஜிபிக்குள் கிடையாது. அடுத்தவர் நம்புவார், அவருக்கு அடுத்தவரும் நம்புவார். 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்கப் போன பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் முகவரிகளில் 256 அடங்கிய ஒரு துண்டைத் தன்னுடையது என்று வெளியே அறிவித்துவிட்டது. யூடியூப் அறிவித்திருந்தது 1024 முகவரிகள் கொண்ட பெரிய பிளாக். சின்னத் துண்டாக வரும் அறிவிப்புக்கே பிஜிபியில் முன்னுரிமை. அதனால் உலகம் முழுக்க யூடியூப் போனது. நிலைமை சீராவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அந்தச் சம்பவத்தைச் சொல்லும் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. யூடியூப் உயிரோடு இருந்தது. தளம் போனதும் அதன் எஞ்சினியர்களுக்குத் தெரிந்தது, எதிர் அறிவிப்பு கொடுத்தார்கள், பாகிஸ்தான் டெலிகாமுக்கு மேலே இணைப்பு கொடுத்திருந்த நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். மூடிப்போன கம்பெனியின் பிளாக்கை ஒருவன் அறிவித்தால் எந்தத் தளமும் போகாது. எந்த வாடிக்கையாளரும் போன் செய்யமாட்டார். ஒரே முகவரிக்கு இரண்டு பேர் உரிமை கோரினால்தானே சண்டை? இங்கே கோருபவன் ஒருவன்தான்.

ரஷ்யாவின் லிங்க் டெலிகாமுக்கு 2011-இல் இதுதான் நடந்தது. அந்தக் கம்பெனி பணநெருக்கடியில் தொழிலை நிறுத்தி வைத்திருந்தது. பதிவகத்தில் தொடர்புக்காகக் கொடுத்திருந்த மின்னஞ்சலின் டொமைன் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. யாரோ அதைத் திரும்பப் பதிவு செய்தார்கள். இப்போது கம்பெனியின் மின்னஞ்சல் முகவரி அவர்கள் கையில். அதிலிருந்தே கடிதம் எழுதி அமெரிக்காவில் ஒரு நிறுவனத்திடம் இணைப்பு வாங்கி, லிங்க் டெலிகாமின் முகவரிகளை லிங்க் டெலிகாமின் ஏஎஸ் எண்ணிலிருந்தே அறிவித்தார்கள். அங்கிருந்து ஸ்பேம் மெயில் கிளம்பியது. உண்மையான உரிமையாளர் அந்த ஆண்டு ஆகஸ்டில் உலக நெட்வொர்க் ஆட்களிடம் புகார் சொன்ன பிறகுதான் விஷயமே வெளியே தெரிந்தது. அதற்குள் சில மாதங்கள் ஓடியிருந்தன. இதில் ரவுட்டரை யாரும் உடைக்கவில்லை, ரகசியக் குறியீடு எதையும் முறிக்கவில்லை. ஒரு டொமைன் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் இதைப் புரியவைக்க நிலத்தைத்தான் சொல்கிறேன். வெளியூரில் இருப்பவரின் காலி இடத்துக்கு வில்லேஜ் ஆபீஸில் கரம் (நிலவரி) அடைக்காமல், வேலி போடாமல், வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்று சித்தூர் தாலுகாவில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரி, ஒரு சின்ன கேபிள்காரரின் பழைய எண் யாருக்கு என்ன பயன்? ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகளின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பதிவகமான ஏபிநிக் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசிப் பெரிய பிளாக்கைத் தொட்டுவிட்டது. நம் பக்கத்துச் சின்ன ஆபரேட்டர்கள் பலருக்கு 103 என்று தொடங்கும் முகவரிகள் இருப்பது அந்தக் கடைசி பிளாக்கிலிருந்து வந்ததால்தான். 2019-லிருந்து புதிதாக வருபவருக்கு அதிகபட்சம் 512 முகவரிகள். கிடைக்காத பொருளுக்குச் சந்தை உருவாகும்தானே? 2021, 2022 வாக்கில் ஒரு முகவரி 50 டாலருக்கு மேல் விலைபோனது. 1024 முகவரி வைத்திருப்பவர் என்ன வைத்திருக்கிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேம் அனுப்புகிறவனுக்கு இதைவிடப் பெரிய ஆசை ஒன்று உண்டு. பல வருஷம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த பிளாக் பெரும்பாலும் எந்தத் தடைப்பட்டியலிலும் இருக்காது. அங்கிருந்து போகும் மெயில் முதல் சில நாட்களுக்காவது உள்ளே நுழைந்துவிடும்.

திருட்டு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. ஆப்பிரிக்கப் பதிவகமான ஆஃப்ரினிக்கில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் முறைகேடாகக் கைமாறியது 2019-இல் அம்பலமானது. அதில் தொழிலை மூடிவிட்ட கம்பெனிகளின் பிளாக்குகளும் அடக்கம். சந்தேகம் போனது பதிவகத்தின் உள்ளேயே இருந்த ஓர் ஊழியர் மீது. கேள்வி கேட்க ஆளில்லாத சொத்து எது என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இப்போது பாதுகாப்புக்கு வருவோம். ஆர்பிகேஐ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. “இந்த முகவரிகளை இந்த ஏஎஸ் எண்தான் அறிவிக்கலாம்” என்று உரிமையாளர் டிஜிட்டல் கையெழுத்திட்ட சான்றை வெளியிடுகிறார். அந்தச் சான்றுக்கு ரோவா என்று பெயர். சான்றுக்கு முரணான அறிவிப்புகளை வடிகட்டும் நெட்வொர்க்குகள் வருஷா வருஷம் கூடி வருகின்றன. நல்ல விஷயம். ஆனால் மூடிய கம்பெனிக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. தொழில் ஓடிய காலத்தில் போட்ட ரோவா அப்படியே கிடக்கிறது என்று வையுங்கள். திருடன் முகவரியை மட்டும் எடுக்காமல் ஏஎஸ் எண்ணையும் சேர்த்தே போட்டுக்கொண்டால், சோதனையில் அவன் அறிவிப்பு ‘செல்லும்’ என்றுதான் வரும். பழைய ரோவா அவனுக்கே அத்தாட்சி ஆகிவிடுகிறது. ரோவா சோதிப்பது அறிவிப்பில் மூலமாக எழுதியிருக்கும் எண்ணையும் பிளாக்கின் அளவையும் மட்டும்தான். எழுதியவன் யார் என்று அதற்குத் தெரியாது.

இதற்கு மாற்று, ஏஎஸ் 0. பூஜ்யம் என்ற எண்ணை எந்த நெட்வொர்க்கும் பயன்படுத்த முடியாது. ஆகவே ஒரு பிளாக்குக்கு ஏஎஸ் 0 பெயரில் ரோவா போட்டால், “இதை யாருமே அறிவிக்கக் கூடாது” என்று பொருள். யாருக்கும் ஒதுக்காமல் தன்னிடம் மிச்சம் வைத்திருக்கும் முகவரிகளுக்கு ஏபிநிக்கே 2020-லிருந்து இப்படிச் செய்கிறது. ஒன்றை மறந்துவிடக் கூடாது: பழைய ரோவாவை அழித்த பிறகுதான் இதனால் பயன். ஒரே பிளாக்குக்குப் பல ரோவா இருந்தால், ஏதாவது ஒன்று பொருந்தினாலும் அறிவிப்பு செல்லுபடியாகிவிடும். ஏஎஸ் 0 போட்டுவிட்டுப் பழையதை விட்டுவைப்பது முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைத்த கதை.

இத்தனையும் பதிவகக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கும்வரைதான். 2024 ஜனவரி 3 அன்று ஆரஞ்ச் நிறுவனத்தின் ஸ்பெயின் பிரிவுக்கு நடந்ததைப் பாருங்கள். ஐரோப்பியப் பதிவகமான ரைப்பில் அவர்கள் வைத்திருந்த கணக்கின் கடவுச்சொல் ‘ரைப்அட்மின்’. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. உள்ளே புகுந்தவன் தவறான ரோவாக்களைப் போட, ஆரஞ்சின் சொந்த அறிவிப்புகளே செல்லாதவை ஆகி, நாட்டில் பலருக்குச் சில மணி நேரம் இணையம் நின்றது. ஆட்கள் நிறைந்த பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி.

நான் எப்படிக் கண்காணிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: பெரிய வித்தை எதுவும் இல்லை. எந்தப் பிளாக், எந்த எண், எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்ற பட்டியலை ஏபிநிக் தினமும் எல்லோருக்கும் திறந்து வெளியிடுகிறது. உலக ரவுட்டிங் அட்டவணையில் இன்று எவை தெரிகின்றன என்பதை ரைப் பதிவகத்தின் ரிஸ், ஆரிகன் பல்கலைக்கழகத்தின் ரவுட்வியூஸ் இரண்டும் சேகரித்துத் தருகின்றன. முதல் பட்டியலில் இருந்து இரண்டாவதில் இல்லாதவைதான் உறங்கும் எண்கள். அதில் நம் வட்டாரத்துக்காரர்களுடையதைப் பிரித்து வைத்திருக்கிறேன். கடைசியாக எப்போது அறிவிக்கப்பட்டது, அப்போது எந்த அப்ஸ்ட்ரீம் (மேலே இணைப்பு கொடுக்கும் நெட்வொர்க்) வழியாகப் போனது என்பதை ரைப்ஸ்டாட்டின் வரலாற்றுப் பக்கம் காட்டிவிடும்.

வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று நினைப்பது தவறு. ஸ்பேம் கும்பல்கள் சில மணி நேரம் அறிவித்து, வேலையை முடித்து, அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிடுவது உண்டு. அதனால் அறிவிப்பு வந்ததும் எச்சரிக்கும் பிஜிபிஅலர்ட்டர் போன்ற இலவச மென்பொருளை எப்போதும் ஓடவிட வேண்டும். அதிலும் ரோவாவில் சொன்ன அதே பொறி காத்திருக்கிறது. ‘எதிர்பார்க்கும் மூலம்’ என்ற இடத்தில் கம்பெனியின் பழைய எண்ணையே எழுதி வைத்தால், திருடன் அந்த எண்ணோடு வரும்போது மென்பொருள் வாயே திறக்காது. உறங்கும் பிளாக்கைப் பொறுத்தவரை எந்த எண்ணிலிருந்து வந்தாலும் அறிவிப்பு அறிவிப்புதான். எல்லாவற்றுக்கும் மணி அடிக்க வேண்டும்.

மணி அடித்தால் உடனே திருட்டு என்று குதிக்கவும் கூடாது. உரிமையாளரே மீண்டும் தொடங்கியிருக்கலாம். வேறு கம்பெனிக்கு முறையாக விற்றிருக்கலாம், வாடகைக்கு விட்டிருக்கலாம். ஆகவே நான் முதலில் பார்ப்பது அப்ஸ்ட்ரீம் யார் என்பதை. பாலக்காட்டில் வாழ்ந்து மூடிய ஒரு நெட்வொர்க், இதுவரை எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு தூரதேசத்து நெட்வொர்க் வழியாக எழுந்து வருகிறது என்றால் புருவம் உயரும். அந்த எண்ணிலிருந்து அதன் பெயரில் இல்லாத பிளாக்குகளும் சேர்ந்து வந்தால் சந்தேகம் பாதி உறுதி. பதிவகத்தின் பொதுத் தகவல் பட்டியலான ஹூயிஸில் மின்னஞ்சல் சமீபத்தில் மாறியிருக்கிறதா, புது ரோவா முளைத்திருக்கிறதா என்பது அடுத்த சோதனை.

ஆனால் என் அனுபவத்தில் மணி அடிப்பதற்கு வெகு முன்னாலேயே வரும் அறிகுறி, டொமைன் காலாவதித் தேதிதான். ரவுட்டிங்கில் எதுவும் தெரியாத நாட்களிலேயே அது தெரிந்துவிடும். ஹூயிஸில் இருக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலின் டொமைனையும் குறித்து, அது எப்போது முடிகிறது என்று பார்த்து வைத்திருக்கிறேன். முடியப்போகிறது என்றால் ஆளைத் தேடிப் போவேன். இப்படித்தான் முதலமடைப் பக்கம் ஒரு பழைய ஆபரேட்டரைப் பார்க்கப் போனேன். இப்போது மாந்தோப்பு குத்தகையில் இருக்கிறார்.

“யாரும் உபயோகிக்காம சும்மா கிடக்கறதுதானுங்களே தம்பி, அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நாளைக்குப் பையன் ஏதாச்சும் பண்ணுவான்” என்றார்.

“கிடக்கட்டுங்கண்ணா. அந்தக் கம்பெனி மெயிலை இப்ப யாருங்க பார்க்கறது?”

“மெயிலா? அது ஆபீஸ்ல இருந்த பையன் வெச்சிருந்தான். அவன் துபாய் போயிட்டானே!”

துபாய்க்குப் போன பையன்களின் கையில் இந்த எல்லைப்புறத்தின் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணினால் தூக்கம் வராது. நல்லவேளையாக அந்தப் பையன் வாட்ஸ்அப்பில் கிடைத்தான். கடவுச்சொல்லும் நினைவிருந்தது. டொமைனை அன்றே புதுப்பித்தோம். பதிவகக் கணக்கின் மின்னஞ்சலை அண்ணனின் சொந்த முகவரிக்கு மாற்றக் கேட்டோம். பையனுக்காக வைத்திருக்கப் போகிறார் என்பதால் பழைய ரோவாவை எடுத்துவிட்டு ஏஎஸ் 0 போடச் சொன்னேன்.

மூடப்போகிறவர்களிடம் நான் சொல்வது, ரவுட்டரை விற்கும் முன்னால் எண்ணுக்கு ஒரு வழி செய்யுங்கள் என்பது. உரிமத்தைத் தொலைத்தொடர்புத் துறையிடம் ஒப்படைத்தால் எண்ணும் கூடவே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு விண்ணப்பம். ஐரின்னுக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட மனமில்லை என்றால், கட்டாமல் விட்டு அவர்களாக ரத்து செய்யட்டும் என்று இழுத்தடிக்காதீர்கள். அந்த இடைவெளிதான் ஆபத்து. நீங்களே எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள், அல்லது முறைப்படி வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்கள். ஏஎஸ் எண்ணைப் பொறுத்தவரை ஒப்படைப்பதே நல்லது என்பது என் கட்சி. முகவரிக்கு ஏஎஸ் 0 இருப்பதுபோல ஏஎஸ் எண்ணுக்குப் பூட்டு எதுவும் இன்னும் பரவலாக வரவில்லை. உங்கள் எண்ணைப் போட்டுக்கொண்டு இன்னொருவரின் முகவரிகளை அறிவித்தாலும் அவப்பெயர் உங்கள் பதிவுக்குத்தான். ஒப்படைத்துவிட்டால், அப்புறம் அது எங்காவது தலைகாட்டினாலும் யாருக்கும் ஒதுக்கப்படாத எண் என்று பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். மேலே இணைப்பு கொடுத்தவர்களிடம் உங்கள் அறிவிப்புகளை அனுமதிக்கும் ஃபில்டரை நீக்கச் சொல்லுங்கள், ரவுட் பதிவேடான ராடிபி போன்ற இடங்களில் பதிந்த பழைய ரவுட் பதிவுகளையும் நீக்குங்கள். இந்த இரண்டையும் எல்லோரும் மறக்கிறார்கள்.

சிக்கலான வழக்கு, உரிமையாளர் இறந்துபோன தனிநபர் கம்பெனி. குடும்பத்துக்கு இப்படி ஒரு சொத்து இருப்பதே தெரியாது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய கட்டண ரசீது, உரிம நகல் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவகத்துக்கு எழுத வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அப்படி யார் வீட்டிலாவது இன்டர்நெட் உரிமக் காகிதம் பீரோவில் கிடந்தால், அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்குள் ஒருமுறை என்னைக் கூப்பிடுங்கள்.