போர்டுல ஏற்கெனவே ஒருத்தன் உக்காந்திருக்கான்

போன வாரம் லாஸ்பேட்டைல இருந்து ஃபைனல் இயர் பசங்க ரெண்டு பேர் ஆடியோ கோடெக் (டிஜிட்டல் டேட்டாவ சத்தமாவும், சத்தத்த டேட்டாவாவும் மாத்தற சிப்பு) எவால்யுவேஷன் போர்டு, அதாவது அந்த சிப்ப சோதிச்சுப் பாக்கற போர்டு, ஒண்ண தூக்கிக்கிட்டு வந்து "சார், கோடெக் செத்துப்போச்சு சார்"னு நின்னாங்க. டிபார்ட்மென்ட் போர்டாம், போச்சுன்னா இவங்கதான் காசு கட்டணுமாம், மூஞ்சில ஈயாடல. நானும் பாண்டில ரொம்ப வருஷமா எம்பெடட் வேலைதான் பாக்கறேன், இப்படி "செத்துப்போச்சு"ன்னு வர்றதுல முக்காவாசி உசுரோடதான் இருக்கும், ஆனா சாகடிக்கற வழில போய்க்கிட்டிருக்கும்.

யூஎஸ்பி போட்டு கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்ல ஓட்டினா பாட்டு வருது, சரி இனிமே அர்டுயினோ ஊனோவே (5 வோல்ட்ல ஓடற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) கன்ட்ரோல் பண்ணட்டும்னு ஐ-டூ-சி பஸ்ஸோட எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்), அப்புறம் கிரவுண்டு, மூணு வயர் இழுத்துட்டாங்க. அதே எஸ்டிஏ, எஸ்சிஎல் லைன்ல போர்டோட சொந்த யூஎஸ்பி கன்ட்ரோலர் சிப் உக்காந்திருக்கறத யாருமே பாக்கல. யூஎஸ்பி குத்தியிருந்தா ஒரே பஸ்ஸுக்கு ரெண்டு டிரைவர். புடுங்கிட்டா இன்னும் மோசம், பவர் இல்லாத அந்த சிப்பு லைனையே கீழ அமுக்கி வச்சுக்கும். பெரும்பாலான போர்டுல இத கழட்டிவிட ஜம்பரோ (ரெண்டு பின்ன இணைக்கற குட்டி மூடி) சுவிட்சோ இருக்கும், ஸ்கீமேட்டிக்க பிரிச்சு பாத்தா தெரியும். (கடல் காத்துல பின் பச்சை பூத்திருந்தா சுரண்டிட்டு போடுங்க, நம்ம ஊருக்கு இது தனி வியாதி.)

ஜம்பர எடுத்துட்டு எஸ்டிஏல மீட்டர் வச்சேன், 3.9 வோல்ட். போர்டுல 3.3-க்கு 2.7 கிலோ ஓம் புல்லப் (லைன மேல இழுத்து வைக்கற ரெசிஸ்டர்) ஏற்கெனவே இருக்கு, இவங்க வீடியோ பாத்து 5 வோல்ட்டுக்கு தனியா 4.7 கிலோ ஓம் வேற போட்டிருக்காங்க. கோடெக்கு டிஎல்வி320ஏஐசி3104, அதோட பின்னுல சப்ளைக்கு மேல 0.3 வோல்ட்டுதான் தாங்கும், அதாவது 3.6. "தம்பி, இது இன்னும் உசுரோட இருக்கறதே உங்க அதிர்ஷ்டம்"னு சொல்லி ஊனோவ ஓரங்கட்டிட்டு 3.3 வோல்ட்ல ஓடற ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு கொடுத்தேன்.

அப்பவும் பதில் இல்ல. கோட பாத்தா கோடெக்க கூப்பிடற அட்ரஸ் ஹெக்ஸ்ல (16 அடி எண்ல) 30, கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்ல இருந்து அப்படியே எடுத்தது. அது ரீட்-ரைட் பிட்டையும் சேத்து எழுதற 8 பிட் கணக்கு, அர்டுயினோவோட ஐ-டூ-சி லைப்ரரியான 'வயர்' கேக்கறது 7 பிட், அப்ப ஹெக்ஸ் 18. மாத்தின உடனே ஏசிகே ('கேட்டுச்சு'ங்கற பதில்) வந்துச்சு, பசங்க குதிச்சாங்க, ஆனா சத்தம் வரல. இங்கதான் நெறைய பேர் ராத்திரி முழுக்க முட்டிக்கிறாங்க. ரிஜிஸ்டர் (சிப்புக்குள்ள செட்டிங் எழுதற இடம்) எழுதறதுக்கு மாஸ்டர் கிளாக் தேவையில்ல, அதனால கோடெக் பதில் சொல்லும், ஆனா அந்த கிளாக் இல்லாம டிஏசி (டேட்டாவ சத்தமாக்கற பகுதி) ஓடாது. முன்னாடி கிளாக்கும் ஆடியோ டேட்டாவும் அந்த யூஎஸ்பி சிப்பு கொடுத்துக்கிட்டு இருந்துச்சு, நாமதான் அத கழட்டிட்டோமே! 48 கிலோஹெர்ட்ஸுக்கு 256 மடங்கு, 12.288 மெகாஹெர்ட்ஸ் ஈஎஸ்பி32-லேர்ந்தே எடுத்து கொடுத்து, ஆடியோ டேட்டா போற ஐ-டூ-எஸ் வயரையும் இழுத்து, ரிஜிஸ்டர் 43, 44-ல மியூட்ட எடுத்ததும் டோன் வந்துச்சு. அதுக்குள்ள ஒருத்தன் இயர்ஃபோன காதுல மாட்டிட்டான், முழு வால்யூம், "ஐயோ"ன்னு புடுங்கி வீசினான். மொத டெஸ்ட்டுக்கு இயர்ஃபோன் மேஜை மேலதான் இருக்கணும்பா.

கழட்டின ஜம்பர் ரெண்டையும் போர்டுக்கு பின்னாடியே செலோடேப் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கேன், அடுத்த பேட்ச் பசங்க யூஎஸ்பி குத்திட்டு "கோடெக் செத்துப்போச்சு சார்"னு வராம இருக்க.