தோலைப் பதனிடும் பட்டையும் சர்க்கரைக்குக் குடிக்கும் பூவும்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு ரொம்ப நாளாகச் சர்க்கரை. ஆவாரம்பூப் பொடி பாக்கெட் ஒன்றில் 'ஃபிளவனாய்டு நிறைந்தது, ஒரு மண்டலம் குடித்தால் மாத்திரையே தேவையில்லை' என்று போட்டிருக்கிறது. மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

நிறுத்தாதீர்கள். பாக்கெட்டில் இருக்கும் வாக்கியத்தில் முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதி வியாபாரம். ஆனால் அந்த முதல் பாதியை வேலூர்க்காரர்கள் மற்றவர்களைவிட எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ஏனென்றால் அந்த வேதியியலை வைத்துத் தோல் பதனிட்டுத்தான் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் பிழைத்தன.

ஃபிளவனாய்டு என்பது 15 கார்பன் கொண்ட ஒரு சட்டகம். ஆறாறு கார்பன் கொண்ட இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவில் மூன்று கார்பன் பாலம். வளையங்களைச் சுற்றி ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள். வெங்காயத்தில் குவெர்செடின், டீயில் கேட்டச்சின், கத்தரிக்காய்த் தோலின் ஊதா நிறத்தில் ஆந்தோசயனின், எல்லாம் இந்தக் குடும்பம்தான். வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கவும், கடிக்க வரும் பூச்சியை விரட்டவும் செடி தனக்காகச் செய்துகொள்வது. நம் சர்க்கரை வியாதி அதன் கணக்கிலேயே இல்லை.

இனி அந்த ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பார்ப்போம். எனக்கு இந்தக் குடும்பத்தில் பிடித்ததே அவைதான். ஒரு கேட்டச்சின் மூலக்கூறில் மட்டும் ஐந்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் பக்கத்தில் ஒரு புரதம் வந்தால் அதன் முதுகெலும்பான நீண்ட சங்கிலியில் ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய பிடியைப் போட்டுக்கொள்ளும். தட்டையான வளையங்களோ புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மேல் போய் அப்பிக்கொள்ளும். பலாச்சுளை எடுத்த கை மாதிரி, தொட்டதெல்லாம் ஒட்டும். இப்படிப்பட்ட அலகுகள் பல சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் அதற்குப் பெயர் டானின். ஆவாரம்பட்டையில் இருப்பது இந்த வகை.

மாட்டுத் தோலிலும் ஆட்டுத் தோலிலும் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று இழை முறுக்கிய கயிறு. அதில் புரோலின் ஏராளம். (அந்த முறுக்கை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அதற்கு மாதிரி கொடுத்து உதவியது பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். இரண்டும் அரசுப் பணத்தில் ஓடியவை. இதை அப்புறம் பேசுவோம்.) பச்சைத் தோலைப் பட்டை நீரில் ஊறப்போட்டால், டானின் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, ஒரு கொலாஜன் இழையில் ஒரு பக்கமும் அடுத்த இழையில் இன்னொரு பக்கமுமாகப் பிடித்துக்கொள்ளும். இழைகளுக்கு நடுவே இருந்த தண்ணீர் வெளியேறும். அதன்பின் பாக்டீரியாவின் நொதிக்கு அங்கே கடிக்க இடமில்லை, தோல் அழுகாது. பச்சைத் தோலை வெந்நீரில் போட்டால் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் சுருண்டுவிடும். இப்படிப் பதனிட்டது 80 வரை தாங்கும். பதனிடக் குரோமிய உப்பு வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்து டேனரிகள் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பித்தான் இருந்தன. குரோமியம் வேலையைச் சீக்கிரம் முடித்தது, பாலாற்றையும் சேர்த்து முடித்தது.

இதே பதனிடுதல் உங்கள் வாயிலும் நடக்கிறது. எச்சிலில் புரோலின் மிகுந்த புரதங்கள் உண்டு, நாக்கை வழவழவென்று வைத்திருப்பவை. வாழைப்பூவையோ பாக்கையோ கடித்ததும் டானின் அந்தப் புரதங்களைத் திரட்டிப் படியவைத்துவிடும். வழவழப்பு போனதும் நாக்கு இழுக்கிறது. அந்த இழுப்புதான் துவர்ப்பு.

சரி, சர்க்கரைக்கு வருவோம். ஆவாரம்பூ ஆய்வுகள் பொய்யில்லை. நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்குப் பூச்சாற்றைக் கொடுத்து, சர்க்கரை குறைந்ததை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினர் 2002-இல் வெளியிட்டார்கள். சோதனைக் குழாயில் ஃபிளவனாய்டுகள் இன்னும் பிரமாதம். மாவுச்சத்தை உடைக்கும் நொதியைத் தடுக்கும், புற்றுநோய் நொதியைத் தடுக்கும், வைரஸின் நொதியைத் தடுக்கும். எதைக் கொடுத்தாலும் தடுக்கும். அங்கேதான் சந்தேகம் வர வேண்டும்.

அமெரிக்காவில் பிரையன் ஷாய்ஷெட் குழுவினர் 2002 வாக்கில் இந்தச் சந்தேகத்தைத் துருவினார்கள். குவெர்செடின் போன்றவை ஓரளவு செறிவுக்கு மேல் போனால், நீரில் தனித்தனியாக நிற்காமல் கூடித் திரண்டு நுண்துகள்களாகிவிடுகின்றன. நொதிகள் அந்தத் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு செயலிழக்கின்றன. கருவி அதை 'மருந்து வேலை செய்தது' என்று காட்டுகிறது. சோதனைக் குழாயில் ஒரு துளி சோப்புத் தன்மையுள்ள பொருளை விட்டால் துகள் கலையும், தடுப்பும் காணாமல் போகும்! இவ்வளவு மலிவான பரிசோதனையைச் செய்யாமலேயே இன்றும் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன.

போதாக்குறைக்கு, நாம் விழுங்கியது அப்படியே ரத்தத்துக்குப் போவதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் குளுகுரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ அதன் மேல் மாட்டிவிட்டு, வெளியேற்றத் தயாராகிவிடுகின்றன. ரத்தத்தில் சுத்தமான குவெர்செடின் கிட்டத்தட்ட இல்லை. சோதனைக் குழாயில் போட்ட அளவு அங்கே எட்டவே எட்டாது.

அப்படியானால் எல்லாம் வெற்றுப் பேச்சா? இல்லை. குடலுக்குள், உறிஞ்சப்படுவதற்கு முன்பு, ஃபிளவனாய்டின் செறிவு நிறையவே இருக்கும். அங்கே மாவுச்சத்தை உடைக்கும் நொதியைக் கொஞ்சம் தாமதப்படுத்தினாலும், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை மெதுவாக ஏறலாம். நொதியோடு ஒட்டும் குணம் அங்கே உபயோகமாக இருக்க வாய்ப்புண்டு. ஃபிளவனாய்டு மாத்திரையே ஆகியிருக்கிறது: மூலத்துக்கும் கால் நரம்புச் சுருட்டலுக்கும் மருத்துவர் எழுதித்தரும் 500 மில்லிகிராம் மாத்திரையில் 450 டயோஸ்மின், 50 ஹெஸ்பெரிடின். குடல் உறிஞ்ச வேண்டும் என்பதற்காக மைக்ரான் அளவுக்குப் பொடியாக்கியிருப்பார்கள். பொருளைத் தரப்படுத்தி, அளவு குறித்து, மனிதர்களிடம் சோதித்த பிறகு வந்தது அது.

ஆவாரம்பூவுக்கு அந்த அளவு உழைப்பு நடக்கவில்லை. வேலியோரப் பூவுக்குக் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் கம்பெனி பணம் போடாது. கொலாஜன் ஆய்வுக்குப் போட்டது போல அரசுதான் போட வேண்டும். நூறாவது எலி ஆய்வுக்குக் கொடுக்கும் பணத்தைச் சேர்த்துவைத்து, வேலூரிலேயே சில நூறு நோயாளிகளிடம், பாதிப் பேருக்குப் பூவும் பாதிப் பேருக்குப் பூ கலக்காத போலிப் பொடியும் கொடுத்து ஒரு நல்ல சோதனை நடத்தினால் விஷயம் தெரிந்துவிடும். இங்கே மருத்துவமனைக்கும் பஞ்சமில்லை, சர்க்கரை நோயாளிக்கும் பஞ்சமில்லை. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பழமொழி சொல்லிவிட்டதே, சோதனை எதற்கு என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: பூ பூத்துக் கிடக்கும் ஊரில் சுடுகாடு எதற்கு?

அம்மாவுக்கு ஆவாரம்பூ டீ பிடித்திருந்தால் குடிக்கட்டும். ஆனால் மாத்திரையை அப்படியே தொடர வேண்டும். டீயும் சேர்ந்து சர்க்கரையை அதிகமாக இறக்குகிறதா என்று அடிக்கடி பார்த்து, மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதோடும், சாப்பாட்டோடும் சேர்த்துக் குடிக்க வேண்டாம். புரதத்தைப் பிடிப்பது போலவே டானின் இரும்பையும் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதால் இதைச் சொல்கிறேன். பூவை நீங்களே பறிப்பதானால் டேனரிக் கழிவு பாய்ந்த நிலத்துப் பக்கம் போகாதீர்கள்.