மீன் விடாமல் கடிக்கிறதா? தூண்டிலைச் சுருட்டுங்கள்

ஆட்களைத் தூண்டில் போடக் கூட்டிக்கொண்டு போவதுதான் என் தொழில். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் தொடங்கி, குழித்துறை வழியாக, ஆறு கடலில் சேரும் தேங்காப்பட்டணம் பொழிமுகம் வரைக்கும் ஆறு எங்கே ஆழம், எங்கே பாறை, கொடுவா மீன் எந்த மடக்கில் நிற்கும் என்பது ஓரளவு தெரியும். இந்தச் சீசனில் பாதி நாள் மழை தின்றுவிட்டது. இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஒருவழியாக ஓய்ந்தது என்று வள்ளத்தைத் துடைத்து வைத்தால் ஐப்பசி இடியோடு வந்து நிற்கிறது.

நாள் போனதைப் பற்றி எழுத வரவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள், அதைச் சொல்லத்தான். தலைக்கு மேல் வானத்தைப் பார்த்துவிட்டு "வெயில் அடிக்குதே அண்ணே, பிறகென்ன" என்கிறார்கள். குழித்துறையில் வெயில் அடித்தால் என்ன, நம் ஆற்றுக்குத் தண்ணீர் வருவது மலையிலிருந்து. பேச்சிப்பாறை அணையில் திறந்துவிட்டால் கோதையாற்றில் இறங்கித் திற்பரப்பு வழியாக வரும், பெருஞ்சாணி அணைத் தண்ணீர் பறளியாற்றில் வரும், இரண்டும் மூவாற்றுமுகத்தில் சேரும். பேச்சிப்பாறையின் முழுக் கொள்ளளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. மழைக்காலத்தில் தினமும் பேப்பரில் அணை நீர்மட்டம் போடுகிறார்கள், கிளம்புவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். அணை நிறைய நிறைய, எப்போது திறப்பார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்று செய்தி வந்தால் அன்றைக்குக் கீழேயும் ஆற்றில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

சில வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மதியம். திருநெல்வேலியிலிருந்து வந்த மூன்று தம்பிமாரை ஆற்று நடுவில் இருக்கும் ஒரு பாறைத்திட்டுக்குக் கூட்டிப்போயிருந்தேன், முழங்கால் அளவு தண்ணீரில் நடந்தே போய்விடலாம். இங்கே ஒரு துளி மழை இல்லை, வடகிழக்கே மலை மட்டும் கறுத்திருந்தது. மூன்று மணி வாக்கில் மீன் கடிக்கத் தொடங்கியது பாருங்கள், போட்ட தூண்டில் எல்லாம் இழுக்கிறது. தண்ணீர் லேசாகச் சிவந்திருந்ததையும், ரப்பர் இலையும் கமுகம்பாளையும் மிதந்து வந்ததையும் பார்த்தேன். கிளம்பலாம் என்றேன். "பத்தே நிமிஷம் அண்ணே" என்றார்கள். சரி என்றேன். அந்தச் சரியை நான் சொல்லியிருக்கவே கூடாது. திரும்பி நடக்கும்போது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது, அடியில் மண் ஓடுகிறது, ஒரு தம்பிக்குக் கால் வழுக்கி நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத்தான் கரை சேர்த்தேன். ஏறி நின்று திரும்பினால் நாங்கள் நின்ற பாறையைக் காணவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதுத் தண்ணீர் வரும்போது மண்ணும் புழுவும் இரையும் அடித்து வருவதால் பல நாட்களில் மீன் அந்த நேரத்தில்தான் வெறிபிடித்த மாதிரிக் கடிக்கும். நிறம் மாறுவது, நுரை, மிதந்து வரும் சருகு, கரையோரப் பாறையில் நனைந்த கோடு மறைவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் மீன் தூண்டிலில் இருந்தாலும் அறுத்துவிட்டு ஏறுங்கள். பொழிமுகத்தில் இது இன்னும் மோசம், மேலிருந்து வெள்ளமும் கடலிலிருந்து ஏற்றமும் மோதும் இடத்தில் வள்ளம் நிற்காது. லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொள்கிறவர்களை நான் வள்ளத்தில் ஏற்றுவதில்லை.

அப்புறம் மின்னல். இப்போது எல்லோரும் தூண்டில் கம்புக்குக் கார்பன் ராட் கொண்டுவருகிறார்கள், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், திறந்த ஆற்றில் அதைத் தூக்கிப் பிடித்து நிற்பது நல்லதில்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விடுங்கள், தென்னைக்கு அடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் நான் யாரையும் திரும்ப இறக்குவதில்லை.

வெள்ளம் வடிந்த பிறகும் ஒரு வாரம் பொறுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது மரமும் மின்கம்பமும் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று நம் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது, அறுந்த கம்பி ஆற்றோரப் புதரில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. காலில் புண்ணோடு சேற்றுத் தண்ணீரில் நின்றால் எலிக்காய்ச்சல் வரலாம், இறங்கியவர்களுக்குப் பின்னால் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

முன்பணம் கட்டிவிட்டோமே என்றுதான் பலர் மழையிலும் கிளம்பி வருகிறார்கள். அதனால் வானிலை காரணமாக நான் வேண்டாம் என்று சொன்னால் பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், கையைக் கடிக்கத்தான் செய்கிறது, ஆனால் பத்து நிமிஷம் என்று யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. எங்கள் படித்துறையில் நான்காவது படி வெளியே தெரிந்தால்தான் வள்ளத்தை எடுப்பேன். இன்று காலையும் அது தண்ணீருக்குள்தான் இருந்தது. சனி, ஞாயிறுக்குச் சொல்லி வைத்தவர்களுக்குப் பணத்தை அனுப்பிவிட்டேன்.