தட்டிவிட்டாலும் இலக்குக்குப் போகும் கை

மேசை மேலிருக்கும் டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறோம். பாதி வழியில் யாரோ முழங்கையில் இடித்துவிடுகிறார்கள். கை ஒரு கணம் தடுமாறினாலும் பெரும்பாலும் டம்ளரைப் பிடித்துவிடும். யோசித்துச் சரிசெய்ய அங்கே நேரமே இல்லை.

தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கையைத் திருப்புவது ஒன்று, மணிக்கட்டில் இரண்டு என்று கைக்கு 7 வகை அசைவுகள் உண்டு. ஓர் இடத்தைத் தொட்டுவிட இத்தனை வேண்டியதில்லை. ஆனால் ஒரு மூட்டு தவறினால் இன்னொன்று ஈடுகட்ட இந்த மிகுதிதான் உதவுகிறது. 1920களில் மாஸ்கோவில் உடல் அசைவுகளை ஆராய்ந்த விஞ்ஞானி நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். சுத்தியலின் முனை கிட்டத்தட்ட ஒரே பாதையில் போனது. மூட்டுகளோ அடிக்கு அடி வேறு மாதிரி அசைந்தன.

இடிபட்ட கைக்குள் நடப்பது இன்னும் அழகு. சுமார் 25 முதல் 50 மில்லி விநாடிக்குள் வரும் முதல் ரிஃப்ளெக்ஸுக்கு (நாம் நினைக்காமலே தசை காட்டும் எதிர்வினைக்கு), எந்தத் தசை இழுபட்டது என்பது மட்டும்தான் தெரியும். அடுத்த 50 மில்லி விநாடியில் வரும் பதிலில் மூளையின் வெளி அடுக்கான புறணிக்கும் பங்கு உண்டு. முழங்கையைத் தள்ளினால் அந்த விசை தோளையும் ஆட்டும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, தோள் தசைகளும் சேர்ந்தே இறுகுகின்றன. நாமாக நினைத்துச் செய்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பிசியோதெரபியில் நான் பார்ப்பது இந்த ஒத்துழைப்பு குலைந்த கைகளை. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்குத் தோளைத் தூக்கினாலே முழங்கை தானாக மடங்கும். எட்டாத தூரத்தை முதுகை முன்னால் சாய்த்து எட்டுவார்கள். சிறுமூளை பாதித்தவர்களுக்குச் சிக்கல் வேறு: ஒரு மூட்டின் வீச்சு அடுத்த மூட்டை எப்படி இழுக்கும் என்பதை முன்கூட்டிக் கணிக்க முடியாமல் கை இலக்கைத் தாண்டிப் போய்விடும். இப்படி ஒரு கை திடீரென்று பலமிழந்தாலோ தடுமாறினாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

வீட்டில் பயிற்சி தருபவர்கள் பாசத்தில் செய்யும் ஒன்று, நோயாளியின் கையைத் தாங்களே பிடித்து ஒரே கோட்டில் திரும்பத் திரும்பக் கொண்டுபோவது. மூட்டுகள் விறைக்காமல் இருக்க அது உதவலாம்; ஆனால் கை நீட்டக் கற்றுக்கொள்ள அது போதாது. கொஞ்சமாவது அசைவு இருந்தால், முதுகை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, பொருளை ஒருமுறை கிட்டே, ஒருமுறை தள்ளி, ஒருமுறை உயரத்தில் வையுங்கள். பாதையை அவர்களே தேடட்டும். மெல்லத் தட்டிவிட்டுச் சமாளிக்கவைக்கும் பயிற்சியும் உண்டு. அதைச் சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். அப்புறம், எழுப்பி உட்காரவைக்கும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தாங்கும் தசைகள் தளர்ந்த தோள் எளிதில் நழுவும், வலியும் மாதக்கணக்கில் நீடிக்கலாம்.