கண்மாயில் மீன் பிடிப்பவருக்கு என்ன உண்டு? மீன்பாசி ஏலம் முதல் விபத்துக் காப்பீடு வரை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதற்கு நிவாரணம், படகுக்கு டீசல் மானியம். இதெல்லாம் பாம்பன், மண்டபம் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே ராமநாதபுரம் மாவட்டத்தில் கண்மாயில் வலை வீசுகிறவருக்கு என்ன உண்டு என்று கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். கடல் மீனவர் அளவுக்கு இல்லை, ஆனால் ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை.

எதற்கும் முன்னால், கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் பொதுவாக அது நீர்வளத்துறைக் கண்மாய். ஊரில் இன்னமும் பழைய பொதுப்பணித்துறைப் பெயரில் ‘பி.டபிள்யூ.டி. கண்மாய்’ என்றுதான் சொல்வார்கள். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயும் ராமநாதபுரம் பெரிய கண்மாயும் இந்த வகை. அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியக் கண்மாய்கள். ஏல அறிவிப்பு எந்த அலுவலகத்தில் ஒட்டப்படும், பணத்தை எங்கே கட்டுவது, தகராறு வந்தால் யாரிடம் மனு கொடுப்பது என்பதெல்லாம் இதை வைத்துத்தான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கால், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர் ஆகியவை பறவைகள் சரணாலயங்கள். அங்கே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் செல்லும். வனத்துறைக்குத் தெரியாமல் தூண்டில் போட்டாலும் வழக்குத்தான்.

மீன் பிடிக்கும் உரிமைக்கு அரசுத் தாள்களில் ‘மீன்பாசி குத்தகை’ என்று பெயர். கணக்கு பசலி ஆண்டில் ஓடும். ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடியும். 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. நம் மாவட்டத்துக்கு இதில்தான் சிக்கல். ஜூலையில் கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடக்கும், ஆடு மேயும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்து, வைகைத் தண்ணீரும் கடைமடைக்கு வந்து சேர்ந்தால்தான் நீர். மாசி, பங்குனிக்குள் பல கண்மாய்களில் தரை தெரிந்துவிடும். குத்தகை என்னவோ பன்னிரண்டு மாதத்துக்கு, மீன் வளர்வது நாலைந்து மாதம்தான். ஆகவே ஏலம் கேட்கும்போது போன வருஷத் தொகையைப் பார்த்து ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ‘தண்ணீர் வராவிட்டாலும் கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது’ என்கிற மாதிரி ஒரு வரி நிபந்தனையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் விடுவதானால் விரல் நீளத்துக்கு வளர்ந்த குஞ்சாக வாங்குங்கள். நுண்குஞ்சை விட்டால் அது எடை பிடிக்கும் முன் தண்ணீர் வற்றிவிடும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வேண்டவே வேண்டாம், அது தடை செய்யப்பட்ட இனம்.

குத்தகைதாரருக்கு மீன் மட்டும்தான். தண்ணீர் ஆயக்கட்டு விவசாயியுடையது. மீனை அரிப்பதற்காக மடையைத் திறந்து நீரை வெளியேற்றுவது நிபந்தனை மீறல். வயலில் பயிர் நிற்கும்போது ராத்திரியில் மடை திறந்து, காலையில் ஊரே கரையில் கூடிச் சண்டை போடுவது வருஷா வருஷம் எங்காவது நடக்கிறது. வெடி, விஷம் போட்டுப் பிடிப்பதை 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது.

அப்புறம், ஊர்க் கூட்டத்தில் கோயில் திருவிழாவுக்காக விடும் மீன் ஏலம் வேறு, அரசு ஏலம் வேறு. ஊர் ஏலத்தில் பணம் கட்டியவர் கையில் ரசீது இருக்காது. நாளைக்கு இன்னொருவர் அரசு உத்தரவோடு வந்து நின்றால் பேச இடமில்லை. ஊர்க் கட்டுப்பாட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெரிய தொகை போடுகிறவர் அரசு ரசீது இல்லாமல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி கிடைப்பவை. 2020-21இல் தொடங்கி 2025-26 வரை நீட்டிக்கப்பட்ட பிரதமரின் மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம். ஐஸ் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிளுக்குத் திட்ட மதிப்பு 75,000 ரூபாய். பொதுப் பிரிவில் 30,000, பெண்கள் பெயரில் எடுத்தால் 45,000 மானியமாக வரும். கண்மாய் மீனைத் தெருத்தெருவாக விற்கிற பெண்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் மானியம் முதலில் கைக்கு வராது, வாங்கிக் காட்டிய பிறகுதான். அந்த முன்பணத்துக்குப் பலரும் கந்துவட்டிக்குப் போய்விடுகிறார்கள். 2018-19 முதல் கிசான் கடன் அட்டை மீன் தொழிலுக்கும் உண்டு. வண்டிக்கு அல்ல, குஞ்சு, தீவனம் போன்ற நடப்புச் செலவுக்கு. 7 சதவீத வட்டியில், தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி.

2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு மீனவர் நல வாரியத்தில் உள்நாட்டு மீனவரும் சேரலாம். வயது 18 முதல் 60 வரை. பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, மரணம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை உண்டு. விண்ணப்பத்தை மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

இவற்றில் அதிகம் பேர் கோட்டை விடுவது விபத்துக் காப்பீட்டை. மேலே சொன்ன பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழ் 18 முதல் 70 வயது வரை உள்ள மீனவருக்குக் குழுக் காப்பீடு இருக்கிறது. பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டாலோ 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை. கடலில் நடந்தால்தான் என்று இல்லை, கண்மாயும் சேர்த்திதான். பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நம் பக்கம் யாராவது சேற்றில் சிக்கியோ வலையில் கால் மாட்டியோ இறந்தால், ‘போலீஸ், ஆஸ்பத்திரி எதுக்கு’ என்று அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிறார்கள். முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இல்லாத கோரிக்கை காப்பீட்டு நிறுவனத்தில் நிற்காது. துக்க வீட்டில் இதைச் சொல்வது கஷ்டம்தான். யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும், உடலை எடுப்பதற்கு முன்பே.