டார்பிடோவுக்கு அடியில் இருக்கும் பேட்டரி

இந்தியக் கடற்படையின் சிந்துகோஷ் வகை நீர்மூழ்கிகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், அவற்றின் ஏவுகணை எத்தனை கிலோமீட்டர் பாயும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தக் கப்பல்களின் மின்பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களுக்குக் கவலை தந்தது ஏவுகணை அன்று, காலடியில் இருந்த பேட்டரிதான்.

சோவியத் வடிவமைப்பிலான இந்த வகையில் 1986 முதல் 2000 வரை பத்துக் கப்பல்கள் நமக்கு வந்தன. மேலை நாடுகளில் இதன் மூல வகையைக் கிலோ என்பார்கள். ஏறத்தாழ 73 மீட்டர் நீளமுள்ள உடலுக்குள் ஐம்பது பேருக்கு மேல் வாழ வேண்டும். மூழ்கிய நிலையில் டீசல் இயந்திரத்துக்குக் காற்று கிடையாது என்பதால், மோட்டாரைச் சுழற்றுவது முதல் சமையல் வரை அனைத்தும் ஈய-அமில பேட்டரியிலிருந்தே நடக்கிறது. 120 செல்கள் வீதம் இரண்டு தொகுதிகள். மூன்று நாட் (மணிக்கு மூன்று கடல் மைல்) வேகத்தில் ஊர்ந்தால் சுமார் 400 கடல் மைல் போகலாம். முழு வேகத்தில் விரட்டினால் ஒரு மணி நேரம் தாங்குவதே அரிது. ஆகவே கப்பல் அவ்வப்போது மேலே வந்து, ஸ்நோர்கெல் குழாயை நீர்மட்டத்துக்கு மேல் நீட்டி, டீசலை ஓட்டி சார்ஜ் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஆபத்து தொடங்கும் இடமும் அதுதான். செல் நிரம்பும் தறுவாயில், ஏறும் மின்சாரம் அமிலக் கரைசலில் உள்ள நீரைப் பிரித்து ஹைட்ரஜனை வெளியேற்றுகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு காற்றில் 4 சதவீதத்தை எட்டிவிட்டால் ஒரு சிறு பொறி போதும். நாங்கள் நான்கு வரை காத்திருப்பதில்லை. அளவி இரண்டை நெருங்கும்போதே சார்ஜைக் குறைத்துவிடுவோம். சார்ஜ் நின்ற பிறகும் செல்களிலிருந்து வாயு கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் காற்றோட்ட விசிறியை உடனே நிறுத்தக் கூடாது. அசதியில் இருக்கும் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பேட்டரிக் குழிக்குள் நிற்க இடமிராது. செல்களின் மேல் படுத்தபடிதான் நகர வேண்டும். இறங்கும் முன் மோதிரம், கைக்கடிகாரம், சட்டைப்பையில் உள்ள பேனா எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். தவறி விழும் ஒரு ஸ்பேனர் இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டால் அது அந்த நொடியே பழுக்கக் காய்ந்துவிடும் என்பதால், கருவிகளின் பிடிக்கு ரப்பர் உறை இருக்கிறதா என்று ஒருவர் வாங்கிப் பார்த்த பிறகே உள்ளே அனுப்புவார். கடல்நீர் புகுந்தால் ஹைட்ரஜனோடு குளோரினும் சேர்ந்துகொள்ளும் என்பது தனிக் கவலை.

இந்த வகையின் பேட்டரித் தொகுதிகளில் ஒன்று முதல் அறையில், நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் டார்பிடோக்களுக்குக் கீழே இருக்கிறது. மற்றொன்று மூன்றாவது அறையில், மாலுமிகள் உறங்கும் இடத்துக்குக் கீழே. 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் சிந்துரக்ஷக் கப்பலின் பேட்டரிப் பகுதியில் ஏற்பட்ட விபத்தில் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். கசிந்த ஹைட்ரஜனே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. அதே கப்பல் ரஷ்யாவில் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பிய பின், 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் வெடித்து மூழ்க, 18 பேர் மாண்டனர். அங்கே வெடித்தவை முன்னறையில் இருந்த ஆயுதங்கள். இரண்டு விபத்துகளையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியல்ல என்றாலும், இரண்டும் கப்பல் கரையில் கட்டப்பட்டிருந்தபோதே நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 2014 பிப்ரவரி 26 அன்று இதே வகையைச் சேர்ந்த சிந்துரத்னாவின் மூன்றாவது அறையில் புகை சூழ்ந்து இரண்டு அதிகாரிகள் இறந்தனர். கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி அன்றே பதவி விலகினார். புதிய ஆயுதம் வாங்குவதற்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது செல், கேபிள் மாற்றத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

கரையில் ஈய-அமில பேட்டரி அறைகளைப் பராமரிப்போருக்கும் இதே வேதியியல்தான். ஹைட்ரஜன் காற்றைவிட இலேசானது. ஆகவே வெளியேற்றும் விசிறி கூரையை ஒட்டி இருக்க வேண்டும், சார்ஜ் முடிந்த பிறகும் ஓட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்குச் சாதாரண ஈய-அமில பேட்டரி வைத்திருப்பவர்கள், அழகுக்காக அதை மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தால் இன்றே வெளியே எடுத்து வைக்கட்டும்.