மெய்நிகர் இயந்திரத்திடம் எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

ஒரு நிரல், தான் ஓடும் செயலியால் (கணினியின் மையச் சில்லான சிபியுவால்) என்னென்ன முடியும் என்பதை அந்தச் செயலியிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் எக்ஸ்86 குடும்பச் செயலிகளில் இதற்காகவே சிபியுஐடி என்ற கட்டளை இருக்கிறது. செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான பதிவகம் ஒன்றில் கேள்வி எண்ணை வைத்து இதை இயக்கினால், நான்கு பதிவகங்களில் விடை வந்து நிற்கும். கேள்வி 0 என்றால் தயாரிப்பாளரின் பெயர் கிடைக்கும். கேள்வி 1 என்றால், வசதிக்கு ஒரு பிட் வீதம் ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் ஒரு பதிவகத்தின் 25ஆவது பிட் ஏஇஎஸ் குறியாக்கக் கட்டளைகளையும், 28ஆவது பிட் பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் ஏவிஎக்ஸ் கட்டளைகளையும் குறிக்கின்றன.

ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினியே மெய்நிகர் இயந்திரம். அதற்குள் இருக்கும் இயங்குதளமும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. ஆனால் விடை சொல்வது செயலி அல்ல. மெய்நிகர் இயந்திரங்களுக்கான இன்டெல்லின் விடி-எக்ஸ் வசதியில், உள்ளே சிபியுஐடி இயக்கப்பட்ட மறுகணமே கட்டுப்பாடு, அவற்றை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசரின் கைக்கு வந்துவிடும். இதற்கு விலக்கே கிடையாது. ஏஎம்டி செயலிகளில் இதைப் பிடிப்பதா வேண்டாமா என்பதை ஹைப்பர்வைசரே முடிவு செய்யலாம். பிடித்த ஹைப்பர்வைசர், அந்த இயந்திரத்துக்கென முன்பே எழுதி வைத்த அட்டவணையைப் பார்த்துப் பதிவகங்களை நிரப்பிவிட்டு, அடுத்த கட்டளையிலிருந்து ஓட்டத்தைத் தொடரவிடும். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் அந்த அட்டவணையைத் தருவது கியூஎமு போன்ற மேல்நிலை மென்பொருள்.

இல்லாததை இருப்பதாகச் சொல்வதால் பயனில்லை என்பது வெளிப்படை. இருப்பதை ஏன் மறைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தை நிறுத்தாமலே ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் லைவ் மைக்ரேஷன்தான் இதற்கு முதன்மையான காரணம். 2013இல் வந்த ஹாஸ்வெல் செயலியில் ஏவிஎக்ஸின் அடுத்த பதிப்பான ஏவிஎக்ஸ்2 உண்டு, அதற்கு முந்தைய ஐவி பிரிட்ஜில் இல்லை. ஹாஸ்வெல்லில் தொடங்கிய ஒரு நிரலுக்குள், நினைவகத்தில் ஓர் எழுத்தைத் தேடும் செயற்கூறின் பல வடிவங்களில் ஏவிஎக்ஸ்2 வடிவத்தை நூலகம் தேர்ந்தெடுத்திருக்கும். தொடக்கத்தில் ஒருமுறை தேர்ந்தெடுத்த பிறகு அது மீண்டும் கேட்பதில்லை. இந்த நிலையில் இயந்திரத்தை ஐவி பிரிட்ஜுக்கு நகர்த்திவிட்டால், அடுத்த தேடலிலேயே செயலி ‘இப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று பிழை எழுப்பும், நிரல் அங்கேயே மடியும். ஆகவே, குழுவில் உள்ள எல்லாச் சர்வர்களுக்கும் பொதுவான வசதிகளை மட்டும் காட்டுவது வழக்கமாகிவிட்டது. விஎம்வேரில் இதை இவிசி என்ற ஏற்பாடு செய்கிறது. கியூஎமுவில் ஹாஸ்வெல், ஸ்கைலேக் என்று பெயரிட்ட செயலி மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

மறைப்பதிலும் மிகை கூடாது. கியூஎமு64 என்ற பழைய பொது மாதிரி எங்கும் ஓடும், உண்மைதான். ஆனால் அது எஸ்எஸ்இ4.2 என்ற வகைக் கட்டளைகளைக் காட்டாது என்பதால், அவற்றை எதிர்பார்க்கும் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 இயங்குதளம் அதன்மேல் தொடங்கவே மறுக்கும், அடியில் இருக்கும் செயலி எவ்வளவு புதியதாக இருந்தாலும்.

இத்தனையும் தகவல் சார்ந்த கட்டுப்பாடுதான், பூட்டு அல்ல. ஏஇஎஸ் பிட்டை மறைத்தாலும், கேட்காமலே அந்தக் கட்டளையை இயக்கும் நிரலுக்கு அது வேலை செய்யவே செய்யும், ஏனென்றால் அதைப் பிடிக்க விடி-எக்ஸில் வழியில்லை. தற்செயல் எண் தரும் ஆர்டிரேண்ட் போன்ற சில கட்டளைகளுக்கு மட்டும் தனித்தனிக் கட்டுப்பாட்டு பிட்டுகள் உண்டு. ஏவிஎக்ஸுக்கு வேறொரு வாயில் இருக்கிறது: அதன் அகன்ற பதிவகங்களைப் பயன்படுத்த, இயங்குதளம் முதலில் எக்ஸ்சிஆர்0 என்ற கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் அனுமதி எழுத வேண்டும், அந்த எழுத்தை ஹைப்பர்வைசர் பிடித்து மறுக்க முடியும். ஆனால் ஏவிஎக்ஸும் ஏவிஎக்ஸ்2வும் ஒரே பதிவகங்களைப் பகிர்வதால், முதலாவதை அனுமதித்துவிட்டு இரண்டாவதை மட்டும் அடைக்க அந்த வாயிலால் இயலாது. அங்கே ஹைப்பர்வைசர், உள்ளிருப்பவரின் நல்லொழுக்கத்தைத்தான் நம்பியிருக்கிறது.

மறைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணத்தை செயலி முன்கூட்டியே ஊகித்துக் கட்டளைகளை இயக்குவதால் ரகசியத் தகவல் கசியும் ஸ்பெக்டர் என்ற, 2018 ஜனவரியில் வெளியான குறைபாடு புரட்டிப்போட்டது. அதை எதிர்கொள்ள இன்டெல், செயலிக்குள் இயங்கும் நுண்நிரலான மைக்ரோகோட் வழியே ஊகக் கணிப்பைக் கட்டுப்படுத்தும் புதிய வசதிகளைச் சேர்த்து, அவற்றுக்கெனச் சிபியுஐடியில் புதிய பிட்டுகளையும் ஒதுக்கியது. சர்வரில் மைக்ரோகோட் புதுப்பிக்கப்பட்டிருந்தாலும், செயலி மாதிரியில் அந்த பிட்டுகள் சேர்க்கப்படாவிட்டால், உள்ளிருக்கும் இயங்குதளத்தின் கருவான கர்னல் அந்த வசதிகள் இல்லையென்றே எண்ணி அவற்றைப் பயன்படுத்தாமல் விட்டுவிடும். அட்டவணையைத் திருத்தியவர்கள் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றும் இங்கே உண்டு: மெய்நிகர் இயந்திரத்துக்கு உள்ளிருந்து ரீபூட் செய்தால் பெரும்பாலும் அதே கியூஎமு செயல்முறைதான் தொடர்கிறது, பழைய அட்டவணையும் அப்படியே இருக்கிறது, புதிய பிட்டுகள் தென்பட வேண்டுமானால் இயந்திரத்தை முழுவதுமாக அணைத்து மீண்டும் தொடங்க வேண்டும்.